வெட்டிய கயிறு தொங்கும் சுவர்

கருவேலங்குளம் பாசன சங்கத்திடம் ஒரு பழைய புல்டோசர் இருந்தது. அணை கட்டுவதற்காக வந்து, வேலை முடிந்ததும் ஏலத்தில் போன வண்டி. இந்தக் காலத்து மெஷின்போல எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்குவது எதுவும் அதில் கிடையாது. முன்னாலிருக்கும் பிளேடை ஓர் இரும்புக் கயிறுதான் தூக்க வேண்டும். பின்பக்கத்தில் கயிறு சுற்றும் வின்ச்சில் கிளம்பும் அந்தக் கயிறு, ஓட்டுபவரின் தலைக்கு மேலே போய், கப்பிகளில் ஏறி இறங்கி, பிளேடில் முடியும்.

அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் பேச்சியம்மாள். வயது முப்பத்தைந்து. பேருதான் பேச்சி, அவரிடம் பத்து வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு நாக்கு வறண்டுவிடும். ஊரே அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டது.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தார் தங்கமாயன். வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் புது மெஷின்களை ஓட்டிய கை.

மேஸ்திரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்பா பேரு என்னண்ணே?"

"ஒச்சப்பன். அவரும் அணை வேலையில வண்டி ஓட்டுனவருதான். போன வருசந்தான் தவறிட்டாரு."

மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு, ஒரு பழைய பனியன் துணியை அவர் கையில் கொடுத்தார். சேர்ந்தாயிற்று என்று அர்த்தம்.

முதல் நாளே தங்கமாயன் தன் மானத்தைத் தானே வாங்கிக்கொண்டார். பிளேடை இறக்கினார். அது தரையைத் தொட்ட பிறகும் லிவரை விடவில்லை. புது மெஷினில் அப்படித்தான், இன்னும் அழுத்தினால் இன்னும் மண்ணைக் கடிக்கும். இங்கே கடிக்க ஒன்றும் இல்லை. வின்ச்சு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. கயிறு தளர்ந்து, புரண்டு, உருளையெல்லாம் சிக்கலாகிவிட்டது. பிரித்தெடுக்க மதியச் சாப்பாடு தாண்டியது.

"எவ்வளவு அழுத்தியும் இறங்கலயே மேஸ்திரி?"

மேஸ்திரி ஒரு கல்லை எடுத்து உயரப் பிடித்தார். கையை விட்டார். கல் விழுந்தது.

"இதுக்கு நீங்க எதுக்குண்ணே?" என்றார்.

அதிலிருந்து தங்கமாயன் தூக்குவதற்கு மட்டும் லிவரைத் தொட்டார்; இறங்குவதைப் பிளேடின் கனத்துக்கே விட்டுவிட்டார்.

தினமும் காலையில் ஒரு வேலை உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு, பிளேடைத் தரையில் வைத்துவிட்டு, கயிறு முழுவதையும் பனியன் துணியால் மெதுவாகத் துடைத்து வர வேண்டும். உள்ளே ஒரு மெல்லிய கம்பி அறுந்திருந்தாலும் துணியில் கொக்கிபோல மாட்டும். துணி மாட்டினால் கயிற்றை வெட்டும்வரை வண்டி ஓடாது. முன்பக்கத்து உருளையில் சேமித்து வைத்திருக்கும் புதுக் கயிற்றைப் பத்தடி உள்ளே இழுத்து, வின்ச்சுப் பக்கம் தேய்ந்த பத்தடியை வெட்டி எறிய வேண்டும். மூன்று மணி நேர வேலை, முதுகு ஒடிந்துவிடும்.

"கயிறு எப்பத்தான் அறும் மேஸ்திரி?" என்று தங்கமாயன் கேட்டார்.

"துணியப் பிடிங்கண்ணே."

"இல்ல, இன்னும் எவ்வளவு தாங்கும்னு ஒரு கணக்கு இருக்கும்ல?"

"துணியப் பிடிங்கண்ணே."

தங்கமாயன் இதே கேள்வியை ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பதிலும் மாறவில்லை. மனுஷி கிளியாகப் பிறந்திருக்க வேண்டியவர் என்று அவர் வீட்டில் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

ஆனால் மேஸ்திரியிடம் விநோதமான பழக்கம் ஒன்று இருந்தது. வெட்டிய பத்தடியை அப்படியே எறிந்துவிட மாட்டார். நைந்துபோன இடத்தில் ஒரு சாண் துண்டு எடுத்துக்கொள்வார். பிஸ்கட் டின்னின் தகரத்தைக் கத்தரித்து, அன்றைக்கு வண்டி சீட்டில் உட்கார வேண்டியவரின் பெயரையும் தேதியையும் ஆணியால் கீறுவார். தகரத்தைத் துண்டில் கட்டிப் பட்டறைச் சுவரில் தொங்க விடுவார். பின்சுவர் முழுக்க அப்படித் துண்டுகள். முன்வரிசையில் இருப்பவை அவர் தொங்க விட்டவை. உள்ளே இருப்பவை ஏலத்தில் வண்டியோடு மூன்று சாக்குகளில் வந்தவை. பழைய இரும்பு என்று நினைத்துக் கூடவே தள்ளிவிட்டிருந்தார்கள்.

"கயித்துக்குச் சமாதி கட்டியிருக்காக மேஸ்திரி," என்பார் தங்கமாயன்.

மேஸ்திரி சிரிப்பார். மறுத்ததில்லை.

அந்த ஐப்பசியில் கண்மாய்க் கரை உடைந்தது. பதினெட்டு அடி அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. வாடகைக்கு வந்த புது மெஷின் சேற்றில் இறங்கிப் படுத்துக்கொண்டு, இரண்டாம் நாள் எண்ணெய்க் குழாய் வெடித்துத் திரும்பிப் போனது. வியாழக்கிழமை காலையில் அணையில் தண்ணீர் திறப்பார்கள். மதியத்துக்குள் கண்மாய்க்கு வந்துவிடும். அதற்குள் கரையை அடைக்காவிட்டால் நானூறு ஏக்கர் பயிரும் போய்விடும். இனி பழைய வண்டிதான் கதி.

செவ்வாய்க்கிழமை மேஸ்திரி கோயம்புத்தூருக்குக் கிளம்பினார். முன்பக்கத்து உருளையில் மிச்சமிருந்த புதுக் கயிறு இரண்டு வெட்டுக்குத்தான் வரும். புதிதாக வாங்கி வந்தே ஆக வேண்டும். பஸ் ஏறும்போது தங்கமாயனிடம் துணியைக் கொடுத்தார்.

"இன்னைக்கும் நாளைக்கும் நீங்கதான் மேஸ்திரி," என்றார்.

தங்கமாயனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தப் பழந்துணியை ஏதோ பட்டுத்துணி மாதிரி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய் நல்லபடியாகப் போனது. புதன்கிழமை காலையில் கயிற்றைத் துடைத்து வந்தார். வின்ச்சிலிருந்து நான்கடி தள்ளி, சரியாக ஓட்டுபவரின் பிடரிக்கு மேலே வரும் இடத்தில், துணி மாட்டியது.

இழுத்தார். துணி கிழிந்தது.

கரையில் இன்னும் எட்டடி பாக்கி. கயிற்றை வெட்டி மாற்றினால் மூன்று மணி நேரம் போய்விடும். கரைமேல் ஐம்பது பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

வண்டி ஓட்டுகிற மொக்கராசு டீயைக் குடித்துவிட்டு வந்தான். இருபத்தேழு வயது. தை மாதம் கல்யாணம் என்று பொண்ணு வீட்டில் பூ வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"என்னண்ணே, எடுக்கவா?"

தங்கமாயன் துணியைப் பையில் திணித்தார்.

"எடு," என்றார்.

அன்று முழுவதும் அவர் கரையைப் பார்க்கவில்லை. கயிற்றைத்தான் பார்த்தார். கயிறு அறுந்தால் பாம்புபோலத் திரும்பி வந்து சீட்டில்தான் அடிக்கும் என்பது வண்டி தெரிந்த எல்லோருக்கும் தெரியும். மொக்கராசு பாட்டுப் பாடிக்கொண்டே மண்ணைத் தள்ளினான்.

மாலை ஐந்து மணிக்குக் கரை அடைபட்டது.

ஊரே கூத்தாடியது. வியாழன் மதியம் தண்ணீர் வந்து கரையில் முட்டி நின்றபோது சங்கத் தலைவர் வண்டிக்கு ஒரு மாலை போட்டார். தங்கமாயனுக்கும் ஒரு மாலை. அந்த நேரம் பார்த்துத்தான் மேஸ்திரி ஆட்டோவில் கயிற்றுச் சுருளோடு வந்து இறங்கினார்.

தண்ணீரைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்லா அடைச்சிருக்கீங்கண்ணே."

பிறகு கையை நீட்டினார்.

"துணி?"

தங்கமாயன் மாலைக்குக் கீழே கையை விட்டுத் துணியை எடுத்துக் கொடுத்தார். மேஸ்திரி அதை விரித்தார். கிழிசலின் வழியாக விரலை நுழைத்துப் பார்த்தார். வண்டியில் ஏறி, கயிற்றில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அறுந்த கம்பிகளை நகத்தால் எண்ணினார்.

"ஒம்பது," என்றார். "ஒரே பிரியில."

"நேரம் இல்ல மேஸ்திரி. ஊரு பூராம் நின்னுக்கிட்டிருந்துச்சு."

மேஸ்திரி துணியை மடித்துக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கினார்.

"அதான் ஒண்ணும் ஆகலயே."

"ஆமாண்ணே," என்றார் மேஸ்திரி. குரலில் கோபம் இல்லை. "ஒண்ணும் ஆகல. வாங்க."

பட்டறைக்குள் பின்சுவருக்குக் கூட்டிப் போனார். முன்வரிசைத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, உள்ளே கையை நீட்டி, கிரீஸும் தூசியும் அப்பிய ஒரு துண்டை எடுத்தார். தகரத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்து அவர் கையில் வைத்தார்.

எழுத்து ஆணிப் புள்ளிகளாக இருந்தது. தங்கமாயன் வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்தார்.

ஒச்சப்பன். 4-11-69.

மேஸ்திரி இன்னொன்றைக் கொடுத்தார். ஒச்சப்பன். அப்புறம் இன்னொன்று. அதுவும் ஒச்சப்பன். மொத்தம் பதினோரு துண்டுகள். தங்கமாயனின் இரண்டு கையும் நிறைந்துவிட்டது.

"இந்த வண்டியா? அப்பா இந்த வண்டியிலயா ஓட்டுனாரு?"

"ஆமாண்ணே."

"எங்ககிட்டச் சொன்னதே இல்லயே மேஸ்திரி. அணை வேலை எப்படிப்பா இருந்துச்சுன்னு கேட்டா, அதுல என்னடா இருக்கு, ஒண்ணும் நடக்கலம்பாரு. சாயங்காலம் வந்து தூக்குவாளிய ணங்குன்னு வச்சிட்டு, தண்ணி கொண்டாங்கன்னு கத்துவாரு. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்."

"எப்படித் தவறுனாரு?"

"எழுபத்தொம்பது வயசுல. தூக்கத்துல."

மேஸ்திரி தலையை ஆட்டினார்.

தங்கமாயன் முதல் துண்டை மறுபடி எடுத்தார். நைந்த கம்பிகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. விரலில் குத்தியது. அவர் தேதியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அப்பாவுக்குக் கல்யாணம் ஆனதே எழுபதாம் வருசம் தையிலதான் மேஸ்திரி."

மேஸ்திரி அந்தத் தகரத்தில் ஒட்டியிருந்த தூசியை விரலால் தட்டிவிட்டார்.

"நான் பொறந்தது எழுபத்தொண்ணு."

வெளியே ஊர்ச் சனங்களின் சத்தம் கேட்டது. மொக்கராசு யாருக்கோ வண்டியில் ஏறி உட்கார்ந்து காட்டி, நேற்று எப்படித் தள்ளினான் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தான். தங்கமாயனுக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வெட்கமும் அதில் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பெரிதாக, இதுவரை அவர் யாரிடமும் உணர்ந்திராத ஒரு நன்றி இருந்தது. அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"யாரு மேஸ்திரி இதெல்லாம் வெட்டுனது?"

"தெரியாதுண்ணே."

"பின்னால எங்கயாச்சும் எழுதியிருக்கும்."

தகரத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இன்னொன்றைத் திருப்பினார். பதினொன்றையும் திருப்பிப் பார்த்தார்.

"வெட்டுனவன் பேரு போடுற வழக்கம் இல்ல," என்றார் மேஸ்திரி.

"உசுரோட இருப்பாரா?"

"அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு."

"புள்ளைகுட்டி யாராச்சும் இருப்பாக. அணையில பழைய ஆளுகளக் கேட்டா தெரியும். ஊருக்கெல்லாம் போயித் தேடுறேன்."

"தேடுங்கண்ணே."

தங்கமாயன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார். சுவரைப் பார்த்தார். எந்தத் துண்டுக்குப் போடுவது என்று புரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"கிடைக்கலன்னா?" என்றார். "கிடைக்கலன்னா நான் யாருக்கு மேஸ்திரி நன்றி சொல்றது?"

மேஸ்திரி அவர் கையிலிருந்து மாலையை வாங்கி ஆணியில் மாட்டினார். கீழே குனிந்து, கயிறு வெட்டும் உளியையும் சுத்தியலையும் எடுத்து, அந்தக் காலியான கையில் வைத்தார்.

"நாளைக்கு மொக்கராசு வண்டி எடுக்கணும்ண்ணே," என்றார்.