மயில்சாமி தைரிஸ்டரை அணைத்தது

“கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் கரெக்டாத்தான் சொல்றனுங்க. அப்புறமும் ஏன் என்னைய எடுக்க மாட்டேங்கறாங்க?”

மாடிப்படி ஏறி வந்த மூச்சுகூட அடங்கவில்லை, மயில்சாமி கேட்டார்.

தெய்வானை கையிலிருந்த சாலிடரிங் அயர்னைக் கீழே வைத்தாள்.

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் செய்கிற கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறவள். சாயங்காலமானால் வீட்டு மாடியில், இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு பவர் எலக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருவாள். வயதில் மயில்சாமியைவிடச் சின்னவள், அதனால் அண்ணா என்பாள். அவர் டீச்சர் என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

மயில்சாமி எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு இன்சூரன்ஸ் விற்கப் போன மனுசன். இப்போதுதான் புத்தி திரும்பியிருக்கிறது. படித்த வேலைக்கே போவேன் என்று ஒரே பிடிவாதம்.

வெள்ளிக்கிழமை ஒரு பம்ப் கம்பெனியில் இன்டர்வியூ. அதுவும் போச்சென்றால் திங்கட்கிழமை பாலக்காட்டுக்கு பஸ் ஏறி, மச்சானுடைய பேக்கரிக் கல்லாவில் உட்கார வேண்டும். வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். பன்னும் பப்ஸும் ஒன்றும் கெட்ட சாமான் இல்லை. ஆனால் அதை விற்கவா அவர் எலக்ட்ரிக்கல் படித்தார்?

“இதுதான் கடைசி, டீச்சர்.”

“தைரிஸ்டர்னா என்னங்ண்ணா?”

அவ்வளவுதான். மயில்சாமி கண்ணை மூடிக்கொண்டு கொட்டித் தீர்த்துவிட்டார்.

“அது ஒரு சுவிட்சுங்க. கேட்டுங்கற முனையில சின்னதா ஒரு கரண்ட் குடுத்தா ஆன் ஆகும். ஆனதுக்கப்புறம் கேட்டுக்கு வேலையே இல்லீங்க. அதை வெச்சு அணைக்க முடியாது. உள்ள ஓடற கரண்ட் நின்னாத்தான் அணையும்.”

“சரி.”

“சரிதானுங்களே? பின்ன ஏன் எடுக்க மாட்டேங்கறாங்க?”

அவள் மேசை டிராயரைத் திறந்தாள். ஒரு பேட்டரி, ஒரு குட்டி பல்பு, ஒரு தைரிஸ்டர், கேட்டுக்கு ஒரு பொத்தான். நாலையும் ஒயரில் கோத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

“அழுத்துங்க.”

அழுத்தினார். பல்பு எரிந்தது.

“விடுங்க.”

விட்டார். எரிந்துகொண்டே இருந்தது.

“இப்ப அணைங்க.”

மயில்சாமி மறுபடியும் பொத்தானை அழுத்தினார்.

பல்பு எரிந்தது.

கொஞ்சம் பலமாக அழுத்தினார். அப்புறம் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து அழுத்தினார். அட சாமி, பொத்தான் உடையாததுதான் மிச்சம்!

“பொத்தான் ரிப்பேருங்களா, டீச்சர்?”

“நான் போய் டீ போட்டுட்டு வாரேன். அணைச்சு வைங்க.”

போயே விட்டாள்.

மயில்சாமி பல்பைப் பார்த்தார். பல்பு அவரைப் பார்த்தது.

கேட்டை வைத்து அணைக்க முடியாது. யார் சொன்னது? அவரே சொன்னது. இதே நாற்காலியில், இப்போதுதான். மனுசனுக்குக் காது வரைக்கும் சூடேறிப் போனது.

பேட்டரி ஒயரை உருவினார். பல்பு அணைந்தது.

திரும்பச் சொருகினார். எரியவில்லை. பொத்தானைத் தொட்டார், எரிந்தது. உருவினார், அணைந்தது. மறுபடியும் ஒருதரம். சும்மாதான். அப்புறம் இன்னொருதரம்.

மேசை ஓரத்தில், சுவர் பிளக்கில் சொருகியபடி ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் கிடந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அதை மாட்டினால் என்ன ஆகும்? மாட்டினார். பொத்தானை அழுத்தினார். பல்பு கொஞ்சம் மங்கலாக எரிந்தது. விரலை எடுத்தார்.

அணைந்துவிட்டது!

ஒயரை யாரும் உருவவில்லை. தானாகவே அணைந்தது. வீட்டு லைனில் வருகிற கரண்ட் மேலே ஏறி, கீழே இறங்கி, நடுவில் ஒன்றுமில்லாமல் போய்ப் போய் வரும், அந்த இடத்தில் தைரிஸ்டர் அணையும் என்று எத்தனையோ இன்டர்வியூவில் ஒப்பித்தவர்தான். ஆனால் அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

தெய்வானை இரண்டு டம்ளரோடு வந்தாள். மயில்சாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“டீச்சர், இங்க வாங்க. நான் விரலை எடுக்கறேன் பாருங்க. எடுத்த உடனேயே அணையுதுங்களா, இல்ல கொஞ்சம் பொறுத்து அணையுதுங்களா?”

“நீங்க என்ன நெனைக்கறீங்க?”

“அதான் தெரியலீங்களே! கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியுது.”

“பாக்கலாமா?”

டீயை ஓரமாக வைத்துவிட்டு, கரண்ட் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பை இழுத்தாள். திரையில் இரண்டு கோடு. மேலே பொத்தான், கீழே பல்பு. கீழ்க்கோடு மேடு மேடாக இருந்தது.

“எடுங்க.”

எடுத்தார். திரை அப்படியே நின்றது. கீழே ஒரு மேடு பாதியில் இருக்கும்போதே மேல்கோடு விழுந்துவிட்டது. கீழ்க்கோடு விழவில்லை. அந்த மேட்டை முழுசாக ஏறி இறங்கி முடித்துவிட்டுத்தான் படுத்தது.

“ஆத்தாடி!” என்றார் மயில்சாமி. “இன்னொருக்கா பாக்கலாமுங்களா?”

பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் விரல் வேறு இடத்தில் விலகியது. மேடு மட்டும் முடிந்தே அணைந்தது. தெய்வானையும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் அவருக்கு வந்த காரியம் ஞாபகம் வந்தது.

“நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்களே, டீச்சர்?”

“டீ ஏடு கட்டிப்போச்சுங்ண்ணா. குடிங்க.”

வெள்ளிக்கிழமை. பம்ப் கம்பெனி. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.

மயில்சாமிக்கு முன்னால் உள்ளே போனவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்திருந்தார். “ஒரே கேள்விதாங்க, பட்டுனு சொல்லிட்டேன்” என்றார். அதைக் கேட்டதிலிருந்து இவருக்குப் பயம் இரட்டிப்பாகியிருந்தது.

நடுவில் இருந்தவர் ஒரு தாளை நீட்டினார். பம்ப் மோட்டாருக்குப் போகிற கரண்டின் படம். அலை ஏறி இறங்கிக்கொண்டு போனது. மேட்டின் உச்சியில் சின்னதாக ஒரு வெட்டு.

“இந்த வெட்டு ஏன் விழுது?”

மயில்சாமிக்குத் தொண்டை வரைக்கும் பதில் வந்துவிட்டது. ஒன்றல்ல, நாலைந்து. எல்லாமே புத்தகத்தில் இருக்கிற பதில். எதைச் சொன்னாலும் யாரும் தப்பென்று சொல்ல முடியாது.

வாயைத் திறந்தவர் தாளை இன்னும் கிட்டத்தில் இழுத்தார்.

“இது எல்லா மேட்டுலயும் இல்லீங்களே. ஒண்ணு விட்டு ஒண்ணுலதான் விழுது.”

நடுவில் இருந்தவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“ஏனுங்க அப்படி?”

“நாங்கதாங்க உங்களைக் கேக்கறோம்.”

பாலக்காட்டு பஸ் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மயில்சாமி தாளைக் கீழே வைத்தார்.

“தெரியலீங்க. அந்த மெஷின் இப்ப ஓடுதுங்களா? ஒருக்கா பாக்கலாமுங்களா?”

நடுவில் இருந்தவர் பக்கத்தில் இருந்த இருவரையும் பார்த்தார். பிறகு மேசைக்கடியில் காலைவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“வாங்க போலாம். எங்களுக்கும் தெரியலீங்க. அதுக்குத்தான் ஆள் தேடிட்டு இருக்கறோம்.”