பஸ் நிறுத்தத்தில் சொன்ன குறிப்பு

இசக்கியப்பனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தாணுமாலயன் குடையும் கையுமாக ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஒரு விடை சரியா தப்பா என்று கேட்க வேண்டும் என்றார்.

டீச்சருக்கு அவரைவிட வயது மிகக் குறைவு. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். வார இதழ் ஒன்றுக்குக் குறுக்கெழுத்து அமைத்துக் கொடுப்பது அவருக்குப் பிடித்த வேலை. கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்ற தாணுமாலயனும், மருந்துக்கடையை விற்றுவிட்டுச் சும்மா இருந்த இசக்கியப்பனும் சனிக்கிழமை தவறாமல் அவரிடம் வந்து பாடம் கேட்டார்கள். இரண்டு பெரிய மனிதர்களும் அவர் முன்னால் கைகட்டாத குறைதான்.

விடை கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை, குருட்டாம்போக்கில்கூட விடை வந்து விழும் என்பார் டீச்சர். 'தலையில்லாத கவலை மீன் பிடிக்கும்' என்று ஒரு குறிப்பு. வலை என்று சொன்னால் போதாது. கவலையின் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் வலை மிஞ்சுகிறது, மீன் பிடிப்பது அதன் பொருள் என்று சொல் சொல்லாக விளக்க வேண்டும். விளக்கம் இல்லாத விடைக்கு அந்த வீட்டில் ஒரு வாய் டீ கூடக் கிடைக்காது.

இந்தப் பித்துப் பிடித்தால் மனுஷன் லேசில் தேற மாட்டான். குழம்புக்கு உப்புப் போதுமா என்று பெண்டாட்டி கேட்டால், சாப்பிடுவதை விட்டுவிட்டு எழுத்தை எண்ணுவான். அப்படிப்பட்ட இரண்டு பேர் சிநேகிதர்களாக இருந்தால் கேட்க வேண்டுமா? பிரிகிற நேரத்தில் ஒருவர் மற்றவருக்குப் பேச்சுவாக்கில் ஒரு குறிப்பைப் போட்டுவிட்டுப் போவார். இது குறிப்பு என்று சொல்லக் கூடாது. என்ன என்று திருப்பிக் கேட்டால் கேட்டவர் தோற்றார். அடுத்த சனிக்கிழமை விடையோடு வர வேண்டும். இது அவர்களுக்குள் பல வருஷப் பழக்கம்.

கடைசியாகப் பிரிந்த அன்று பஸ் நிறுத்தத்தில் இசக்கியப்பன் சொன்னார்: "வீட்டுல யாருமில்ல. கொஞ்சம் வந்து விட்டுட்டுப் போ."

தாணுமாலயன் வந்து நின்ற பஸ்ஸின் படியில் கால் வைத்தபடியே, "அடுத்த வாரம் சொல்லுதேன்" என்று ஏறிக்கொண்டார்.

இசக்கியப்பன் வீட்டுக்குத் தனியாக நடந்துபோனார். கையில் சாவியோடு தன் வீட்டு வாசலிலேயே விழுந்து கிடந்தார். நெஞ்சுவலி. கூட ஒரு ஆள் இருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்று சாவு வீட்டுப் பந்தலில் யாரோ பேசிக்கொண்டது தாணுமாலயன் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அது குறிப்பாக இருந்தால் அவர் மேல் தப்பில்லை. விளையாட்டுக்கு விளையாட்டாகப் பதில் சொன்னார், அவ்வளவுதான். குறிப்பு இல்லை என்றால்? அதற்கு மேல் நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. அதனால் அழக்கூடச் செய்யாமல் அந்த வாக்கியத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். ஒரு விடை கிடைத்தும்விட்டது.

"சொல்லுங்க சார்" என்றார் டீச்சர்.

"மனைவி."

"விளக்கம்?"

தாணுமாலயன் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"வீடுன்னா மனை. 'கொஞ்சம் விட்டு'ன்னா அந்த 'விட்டு'ல கொஞ்சம் எடுத்துக்கணும், 'வி'. 'வந்து'ன்னா ரெண்டும் வந்து சேருது. மனைவி. அவன் வீட்டுல இல்லாமப் போனது யாரு? அவன் பெண்டாட்டி சொர்ணம்தான? போன தையிலதான போனா. 'யாருமில்ல', 'போ', எல்லாம் சேந்துருது டீச்சர். ஒரு சொல்லு சும்மா நிக்கல."

டீச்சர் அந்த வாக்கியத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"விளக்கத்துல ஓட்டை இல்ல சார்."

தாணுமாலயனுக்கு மூச்சு வந்தது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"அப்போ அது குறிப்புதான டீச்சர்?"

டீச்சர் எழுந்தார். அடுப்படிக்குப் போய் டீயோடு வந்தார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்தது. மேஜைமேல் திருத்துவதற்கு வைத்திருந்த பரீட்சைத் தாள்களின் ஓரம் ஈரமாகிக்கொண்டிருந்தது.

"சார், அந்த ஜன்னலச் சாத்துங்க. சாரல் அடிக்குது."

தாணுமாலயன் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் இப்போ சொன்னது குறிப்பா சார்?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்ல டீச்சர்."

"ஏன், அதுக்கும் ஒரு விளக்கம் கண்டுபிடிச்சிரலாமே. நீங்க உக்காந்து யோசிச்சா கிடைக்காதா?"

யோசித்தால் கிடைக்கும்தான். ஜன்னலிலிருந்தும் சாரலிலிருந்தும் ஏதாவது ஒன்றைப் பிழிந்து எடுத்துவிடலாம் என்று அவருக்கே தெரியும். எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் அவரால் முடியும். அந்தத் திறமையில் அவருக்கு ரகசியமாக ஒரு கர்வம் உண்டு. இப்போது அந்தக் கர்வமே அவருக்குப் பிடிக்கவில்லை.

"பெறகு எப்படி உடனே எந்திரிச்சீங்க?"

"நீங்க என்னைய சார்னு கூப்பிட்டீங்களே டீச்சர். குறிப்புப் போடுதவங்க யாரையும் கூப்பிட மாட்டாங்க."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்குப் புரிந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்தார். டீ கொஞ்சம் தரையில் சிந்தியது. டீச்சர் அதைத் துடைக்கப் போகவில்லை.

"இசக்கியப்பன் சார் சொன்னத முழுசாச் சொல்லுங்க. விட்டதையும் சேத்து."

அந்த ஒரு சொல்லைத் தாணுமாலயன் மறக்கவில்லை. குறிப்பில் சேராது என்று தானாகவே ஒதுக்கி வைத்திருந்தார். அது இருந்தால் விளக்கம் கூடி வரவில்லை. அதை எடுத்துவிட்டால் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது.

"'தாணு'ன்னான்" என்றார். "'தாணு, வீட்டுல யாருமில்ல. கொஞ்சம் வந்து விட்டுட்டுப் போ'ன்னான் டீச்சர்."

அவர் இத்தனை நாள் அழாத அழுகையை அழுதார். அழுது முடியும்வரை டீச்சர் காத்திருந்தார்.

கடைசியில் தாணுமாலயன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எத்தனையோ வருஷப் பழக்கம், நாக்கில் தானாக வந்தது.

"அந்த மொதச் சொல்லுக்கு என்ன விளக்கம் டீச்சர்?"

"அதுக்கு விளக்கம் கிடையாது சார். கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும், அவ்வளவுதான்."