ஏழாம் நம்பர் அறை

குற்றாலத்தில் அந்த ஆனி மாதம் சாரல் எட்டிப் பார்க்கவேயில்லை. அருவி விழ வேண்டிய இடத்தில் வெறும் பாறைதான் தெரிந்தது. அருவியில் தண்ணீர் இல்லையென்றால் லாட்ஜுக்கு யார் வரப்போகிறார்கள்? சங்கரவடிவின் லாட்ஜில் அறைச் சாவிகள் எல்லாம் ஆணியிலேயே தொங்கின.

கணவர் போன பிறகு அவள்தான் ஒற்றை ஆளாக நடத்திவந்தாள். இடத்தை வாங்கி, கட்டிடத்தை இடித்துவிட்டுக் கடைகள் கட்ட ஒருவர் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். ஆடி முடிவதற்குள் பதில் சொல்வதாக இவளும் சொல்லிவைத்திருந்தாள். அதற்குள் வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வழி பிறக்காவிட்டால் விற்க வேண்டியதுதான்.

சென்னையிலிருக்கும் மகன் வவுச்சர் போடச் சொன்னான். முழு வாடகையையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுப்பது. ஒரு வருஷத்துக்குள், அருவி கொட்டுகிற சமயமாகப் பார்த்து வந்து தங்கிக்கொள்ளலாம். மேனேஜர் சுடலைமுத்து கூப்பன்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான். சீட்டைக் காட்டினால் பாதி வாடகை, அவ்வளவுதான். போன வருஷமும் அதைத்தான் அடித்தார்கள். சுடலைமுத்து அவளுக்குச் சித்தப்பா மகன். அவன் பேச்சையும் சட்டென்று தட்ட முடியாது.

ஐந்தருவி போகிற வழியில் ஒரு சின்ன ஆசிரமம் உண்டு. அங்கே இருந்த குகானந்தர் அவளைவிட இளையவர். தாடியில் இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனாலும் அவளுக்கு அவர்தான் குரு. மனசு குழம்பினால் அங்கேதான் போவாள்.

"கூப்பனா, வவுச்சரா? நீங்க சொல்லுதபடி செய்யுதேன் சாமி" என்றாள்.

போன வருஷக் கூப்பன் மிச்சமிருக்கிறதா என்று கேட்டார். பர்ஸில் கசங்கிக் கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, போய்வரச் சொல்லிவிட்டார். கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை, இருந்த கூப்பனும் போயிற்று என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே அவள் வீடு வந்தாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து, காலையில் அவள் லாட்ஜுக்குள் நுழைகிறாள், ஏழாம் நம்பர் அறைக் கதவு திறக்கிறது. வேட்டியும் சட்டையுமாகச் சாமியார் வெளியே வருகிறார். கண் இரண்டும் சிவந்திருக்கிறது.

ஏழாம் நம்பர் கடைசி அறை. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை, அது விடிய விடிய ஓடியிருக்கிறது. சங்கரவடிவு சுடலைமுத்துவைத் தனியே இழுத்துப்போய், மற்ற அறையெல்லாம் காலியாகத்தானே கிடக்கிறது, இவருக்குப் போய் ஏன் இதைக் கொடுத்தாய் என்று கேட்டாள். சாமியார் என்றாலே அவனுக்கு ஆகாது, ஆசிரமத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வந்தவர் யாரென்றே அவனுக்குத் தெரியாது.

"கூப்பன் பார்ட்டிக்கு ஏழுதானக்கா. எப்பவும் அப்படித்தான?"

அவன் சொன்னது நிஜம். சாமியாரிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். என்ன சாபம் விடுவாரோ என்று பயம். அவரோ சிரித்தார்.

"பாதி வாடகைக்குப் பாதித் தூக்கம். கணக்கு சரியாத்தான் இருக்கும்மா."

அவளுக்குப் போன உயிர் வந்தது. "அப்ப கூப்பனே வேண்டாம் சாமி. வவுச்சர் அடிச்சிருதேன்."

"அதைக் கொண்டு வாரவங்களுக்கு எந்த ரூம்?"

வவுச்சர் பணம் என்றைக்கோ சம்பளமாகக் கைமாறிப் போயிருக்கும். அதற்கப்புறம் ஒருவர் வெறும் சீட்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றால், சுடலைமுத்து எந்தச் சாவியை எடுப்பான் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"அடிச்சா எனக்கும் ஒண்ணு குடுத்தனுப்புங்க" என்றார் சாமியார். "ஒரு நாள் வாரேன். என்னைக்குன்னு சொல்ல மாட்டேன்."

மறுநாளே ஏழாம் நம்பர் அறை, பழைய மெத்தை, தலையணை போட்டுவைக்கிற இடமாயிற்று. மாடியில் மலையைப் பார்த்தபடி இருந்த தன் ஆபீஸ் அறையைக் காலி செய்து கட்டில் போட்டாள். அவள் மேஜை மாடிப்படிக்குக் கீழே வந்தது. வவுச்சரை அச்சடித்து, சாமியாருக்கும் ஒன்று அனுப்பினாள். தண்ணீர் விழும்போது வந்தால் போதும் என்றதும் ஜனங்கள் சந்தோஷமாக வாங்கினார்கள். ஆடிச் சம்பளம் ஒருவருக்கும் பாக்கியில்லாமல் கொடுத்தாயிற்று. இடம் கேட்டவரிடம், விற்பதாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, அப்பாடா என்று அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அருவி கொட்டோ கொட்டென்று கொட்டியது. வவுச்சர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். சாமியார் ஒரு நாள் வருவார் என்று அக்கா சொல்லிவைத்திருந்ததால் சுடலைமுத்து ஒவ்வொருவர் முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தான். அந்த ஆள் தாடியை எடுத்துவிட்டு வந்தாலும் வருவார், நம்ப முடியாது என்பான். எதற்கு வம்பு என்று எல்லாருக்கும் துவைத்த விரிப்பு போட்டான், எல்லாருக்கும் வெந்நீர் கொண்டுபோய் வைத்தான். போகப் போக முகம் பார்ப்பது நின்றுபோயிற்று, வெந்நீர் மட்டும் நிற்கவில்லை.

வருஷம் திரும்பியது. சாமியார் வரவேயில்லை. சங்கரவடிவு ஆசிரமத்துக்குப் போய் உரிமையோடு சண்டை பிடித்தாள்.

"எங்களை இப்படி ஏமாத்திட்டீங்களே சாமி. வாசலைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. உங்க சீட்டு இந்த மாசத்தோட செல்லாது."

"அது எங்கிட்ட ஏது? சீட்டு வந்த அன்னைக்கே பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் கையில குடுத்துட்டேனே. மழையில வந்து தங்கிட்டு, என்னையும் பாத்துட்டுப் போயிட்டாரு."

யாராக இருக்கும்? கஞ்சி கேட்ட இருமல்காரரா? ராஜபாளையத்திலிருந்து அம்மாவைக் கூட்டிவந்தவரா? வந்தவர்களை எல்லாம் நினைத்துப் பார்த்தாள். ஒருவரையும் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"யாருன்னே தெரியலையே சாமி" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "எந்த ரூம்ல இருந்தாராம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். நம்பரைப் பாக்கலை சாமி, நல்லாத் தூங்கிட்டேன்னாரு."