இளவரசியின் தைலமும் பண்டிதரின் கத்தரிக்காயும்

ஒரு காலத்தில் கொன்றை நாட்டை ஒரு ராஜா ஆண்டான். பெயர் சடுதிவர்மன். பெயருக்கேற்ற மாதிரி எதையும் சடுதியில் செய்துவிடுவான். யோசிக்கிற வேலையெல்லாம் மந்திரி ஆளுடையான் தலையில்.

அவன் சபையில் சுகந்தராயர் என்று ஒரு தைலப் பண்டிதர் இருந்தார். வாசனைக்காக எதை எதையோ போட்டு ஒரு தைலம் காய்ச்சி, சிறுமி மேகலை, அதுதான் ராஜாவின் மகள், அவள் முகத்தில் பூசச் சொன்னார். மேகலைக்கு ரொம்ப மெல்லிய தோல். பூ நார் உரசினாலே தடித்துச் சிவந்துவிடும். அதனால் தாதி செங்கமலம், "ஐயா, முதலில் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து நாளைவரை பார்ப்போமே" என்று கெஞ்சினாள்.

"என் தைலத்தைச் சோதிக்க நீ யாரடி? பூசு!"

பூசினாள். பொழுது சாய்வதற்குள் பிள்ளையின் முகம் வீங்கிக் கண் மூடிப்போனது. அரிப்பு தாங்காமல் கதறினாள்.

இனிமேல்தான் அநியாயத்தைக் கேளுங்கள்! மறுநாள் பண்டிதர் சபையில் நின்று என்ன சொன்னார் தெரியுமா? "மகாராஜா, இதே தைலத்தைத் தாங்களும் பூசினீர்கள், சபையே பூசியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தைலத்தில் குற்றமில்லை. தாதிதான் எதையோ கலந்திருக்கிறாள்."

எடுத்துச் சொன்னவள் மேலேயே பழி! நாக்குக் கூசவில்லை அந்த மனுஷனுக்கு. ராஜாவும் முன்பின் விசாரிக்காமல், "இவளை மொட்டையடித்து ஊரைவிட்டுத் துரத்துங்கள்" என்றுவிட்டான்.

மந்திரிக்கு இது பொறுக்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல், "ஆகட்டும் பிரபு. பந்தி போட்டாயிற்று. சாப்பிட்டுவிட்டுத் தண்டனையைப் பார்க்கலாம்" என்றார்.

பந்தியில் தன் கையாலேயே எண்ணெய்க் கத்தரிக்காய் பரிமாறினார். ராஜா கேட்டுக் கேட்டு வாங்கினான். சுகந்தராயர் மட்டும் இலையைக் கையால் மறைத்தார். "வேண்டாம் மந்திரியாரே, எனக்கு ஒத்துக்காது. ஒரு துண்டு தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும்."

"அப்படியா!" மந்திரி கரண்டியோடு நிமிர்ந்தார். "மகாராஜா சாப்பிட்டார், சபையே சாப்பிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் கத்தரிக்காயில் குற்றமில்லை. உமக்குத் தடிக்கிறதென்றால் சமையல்காரன்தான் எதையோ கலக்கிறான். பிரபு, அவனுக்கும் மொட்டையடிக்கலாமா?"

"ஐயையோ, அவன் என்ன செய்வான்? இது என் உடம்பு வாகு!"

"உடம்பு வாகு உமக்கு மட்டும்தானா? அந்தக் குழந்தைக்குத் தோல் வாகு இல்லையா? ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொன்னாளே, பார்த்திருந்தால் உமக்கென்ன கேடு வந்துவிடும்?"

ராஜாவுக்குச் சுருக்கென்று உறைத்தது. உறைத்ததும் கோபம்! "அண்டாக் கறி முழுவதையும் இந்த ஆள் வாயில் திணியுங்கள்!"

தடுத்தது யார் தெரியுமா? தண்டனைக்காக ஓரமாய் நிறுத்தி வைத்திருந்த செங்கமலம்தான். "வேண்டாம் மகாராஜா. ஒத்துக்காது என்று ஒருத்தர் சொன்ன பிறகு திணிக்கக் கூடாது. ஒத்துக்குமா என்று பார்க்காமல் பூசக் கூடாது என்றுதானே நேற்று நானும் சொன்னேன்!"

ராஜா தலைகுனிந்தான். பண்டிதரின் பட்டுச் சால்வையை உருவி அவளுக்கே போர்த்தினான். அவள் போய்ப் பிள்ளையின் முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி, வேறெதையும் பூசாமல் விட்டாள். மெல்ல மெல்ல வீக்கம் வடிந்தது.

இனி எந்தத் தைலமானாலும் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று செங்கமலத்திடம் உரக்கச் சொன்ன பிறகே சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. சுகந்தராயரை அப்போதே சொல்லச் சொன்னார்கள். மென்று விழுங்கினார். போட்ட சரக்கில் பாதி என்னவென்று அவருக்கே தெரியவில்லை!