நெற்றி விளக்கு சுடுகிறது

"டீச்சர், புதுக் காயில் போட்டும் வெளக்கு சுடுது."

காத்தமுத்து நெற்றி விளக்கை மேசைமேல் வைத்தார். இருட்டோடு மல்லிகை பறிக்கப் போகிறவர்கள் தலையில் மாட்டிக்கொள்வது. அவரே செய்த விளக்கு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரெஜினாவின் ரிப்பேர் கடை. அவர் வயதில் காத்தமுத்துவைவிட இளையவர்தான். ஆனாலும் சால்டரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் காத்தமுத்துவுக்கு அவர் டீச்சர். டீச்சருக்கு இவர் 'அண்ணே'.

"எத்தனாவது காயில், அண்ணே?"

"எண்ணுறத விட்டுட்டேன்."

டீச்சர் விளக்கைத் திறந்தார். போர்டின் நடுவில் செம்புக் கம்பிச் சுருள். அதுதான் காயில். ஒற்றை பேட்டரி கொடுப்பதைச் சிறுகச் சிறுக வாங்கி, மேலே வரிசையாக நிற்கும் எல்.இ.டி.களுக்கு எட்டும்படி உயர்த்திக் கொடுப்பது அதன் வேலை.

"யாருக்குச் சுட்டுச்சு?"

"எங்க வீட்டுக்காரிக்குத்தான். நெத்தி செவந்துபோச்சு. நாளைக்கு இந்த விளக்கே வேணாம், இருட்டுலயே பறிச்சுக்கறேங்கறா. நேத்துதான் செடிக்கடியில ஒரு கட்டுவிரியன் கெடந்துச்சு, டீச்சர்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாட்டுன உடனே சுடுதா?"

"இல்ல. போகப் போகத்தான். விடியறதுக்கு முந்தி தொடவே முடியல."

"வீட்ல எரியவிட்டுப் பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பனா? சார்ஜர்ல சொருகிவெச்சு, சாயங்காலம் பூரா எரிய விட்டேன். ஜில்லுனு இருக்கு. அவ தலையில ஏறுனா மட்டும் சுடுது. ஒன் தலைதான்டி சூடுன்னேன்."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அன்னைக்குச் சோறு இல்ல."

டீச்சர் சிரித்துவிட்டார்.

"ஆனா ஒண்ணு, டீச்சர். சந்தையில வாங்குற விளக்கு பாதியிலயே சோந்து போவும். என் விளக்கு மங்காது. மொதல்ல எப்படியோ, கடைசி வரைக்கும் அப்படியே."

"மங்கவே மங்காதா?"

"மங்காது."

டீச்சர் விளக்கை மூடி ஓரமாக வைத்தார். எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

அங்கே கறிவேப்பிலைக் கன்றுக்கு மேலே ஓட்டை வாளி ஒன்று தொங்கியது. பக்கத்தில் தண்ணீர் டிரம். டீச்சர் கரித்துண்டால் வாளிக்குள் ஒரு கோடு கிழித்தார். காத்தமுத்து கையில் ஒரு சொம்பைக் கொடுத்தார்.

"தண்ணி இந்தக் கோட்டுலயே நிக்கணும், அண்ணே. எறங்கக் கூடாது."

"இம்புட்டுதானா?"

காத்தமுத்து ஊற்றினார். ஒழுக ஒழுக ஊற்றினார். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. நடுவில் ஒரு பாட்டுகூடப் பாடினார்.

டீச்சர் சொம்பை வாங்கிக்கொண்டு டம்ளரைக் கொடுத்தார்.

பாட்டு நின்றுபோனது.

கொஞ்ச நேரத்தில் டம்ளரையும் வாங்கிக்கொண்டார். கடைக்குள் தன் குழந்தையின் தொட்டிலடியில் கிடந்த பாலாடையைக் கொண்டுவந்து நீட்டினார். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை.

"இதுலயா?"

"கோடு, அண்ணே, கோடு."

காத்தமுத்து மொண்டார், ஊற்றினார், மொண்டார், ஊற்றினார். மூச்சு வாங்கியது. சட்டை நனைந்தது. தோள்பட்டை அனலாய்க் காந்தியது.

"கை போச்சு, டீச்சர்."

"அப்ப கைய மாத்திருவோம்."

இடது கைக்கு மாற்றினார். மொண்டார், ஊற்றினார்.

"இதுவும் வலிக்குது."

"இதுவும் மோசமான கையா? சரி, வேற கை வாங்கிப் போடலாம்."

காத்தமுத்து சிரித்தார்.

பாதிச் சிரிப்பில் நின்றார்.

வலது தோளைத் தடவிப் பார்த்தார். கையிலிருந்த பாலாடையைப் பார்த்தார். டிரம்மின் மேல் கிடந்த சொம்பைப் பார்த்தார். பிறகு, கடைக்குள் ஓரமாக இருந்த விளக்கைப் பார்த்தார்.

"சார்ஜர்ல இருந்தா அது சொம்பு. பேட்டரி தளரத் தளர பாலாடை. காயில்தான் கை," என்றார் மெதுவாக.

டீச்சர் வாளியை எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, தண்ணி கோட்டுக்குக் கீழ போகுது."

"போகட்டும், டீச்சர்."

அன்று சாயங்காலம் காத்தமுத்து காயிலைத் தொடவில்லை. பேட்டரி தளரத் தளர வெளிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும்படி போர்டைத் திருத்தினார். இருட்டோடு கிளம்பிய மனைவி ராக்கம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, "இன்னைக்கு ஒருநாள் மட்டும்" என்று விளக்கை மாட்டி அனுப்பினார்.

காலையில் வாசலிலேயே காத்திருந்தார்.

ராக்கம்மா பூக்கூடையோடு வந்தாள். விளக்கு இன்னும் தலையிலேயே இருந்தது.

"நெத்தி?"

"நெத்திக்கு என்ன?"

காத்தமுத்து கிட்டே போய் உற்றுப் பார்த்தார். நெற்றியில் சிவப்பு இல்லை.

"வெளக்கு மங்கியிருக்குமே?"

"மங்குச்சா?" ராக்கம்மா விளக்கைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். "யாரு கண்டா? அதுக்குள்ள விடிஞ்சு போச்சு."