தங்கப்பழம் வாங்காத கம்ப்யூட்டர்

"டீச்சர், கம்ப்யூட்டரை ரெடிமேடா வாங்கவா, பாகம் பாகமா வாங்கி நானே சேர்க்கவா?"

மெர்சியின் எடிட்டிங் அறைக்குள் வந்து மூச்சு வாங்குமுன்னே கேட்டார் தங்கப்பழம். பாளையங்கோட்டையில் இருபத்தைந்து வருஷமாகக் கல்யாணப் படம் எடுப்பவர். வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டது மட்டும் மெர்சியிடம். மெர்சி அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள். இருந்தாலும் அவருக்கு அவள் டீச்சர்தான்.

"பழசு என்னாச்சு அண்ணாச்சி?"

"செத்துப்போச்சு. மூணு மாசம் ஆகுது."

மூன்று மாதமாக மனிதர் கடை கடையாக ஏறி இறங்கினார். யூடியூபில் ஒருவன் சொன்னதை இன்னொருவன் மறுத்தான். இவர் இரண்டு பேரையும் நம்பினார். சொந்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இத்தனை விசாரித்ததில்லை.

"ரெடிமேடுன்னா உள்ள என்னத்தைப் போட்டிருக்கான்னு தெரியாது. நானே சேர்த்தா, நாளைக்கு எது கெட்டுச்சுன்னு தெரியாது. எடிட்டிங் பாதியில நின்னா நான் என்ன செய்வேன் டீச்சர்?"

"யார் வீட்டுக் கல்யாணம்?"

அவர் குரல் இறங்கியது.

"பொன்செல்வி கல்யாணம். முடிஞ்ச பத்தாம் நாள் அவ அப்பா போயிட்டாரு. தினமும் போன் பண்ணுதா. 'அப்பா என்னைத் தாரை வார்த்துக் குடுத்தாங்கள்ல, அதை மட்டுமாவது அனுப்புங்க அண்ணாச்சி'ன்னு அழுதா. அவளுக்காகத்தான், நல்ல மிஷினாப் பார்த்து..."

"மெமரி கார்டு எங்க?"

சட்டைப்பையில் இருந்தது. மூன்று மாதமாக அங்கேதான் இருந்தது.

மெர்சி கையை நீட்டி வாங்கினாள். தன் கம்ப்யூட்டரில் செருகினாள். எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க."

"உங்க வேலை கெடுமே."

"கெடாது."

"நாளைக்கு வாரேன் டீச்சர்."

"உக்காருங்க அண்ணாச்சி."

அவர் உட்காரவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பயம், வேறொன்றுமில்லை.

"டீச்சர்... அன்னைக்கு மண்டபத்துல ஒரே நெரிசல். கேமராவுக்கு பேட்டரி மாத்திக்கிட்டிருந்தேன். மாத்தி முடிக்கதுக்குள்ள அவ அப்பா சொம்பைக் கையில எடுத்துட்டாரு. ஓடிப்போய் நின்னேன். பட்டனை அமுக்கினேனா..."

கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"கேமராவுல ரெக்கார்டு ஆகுத சிவப்பு லைட் எரிஞ்சுதா இல்லையான்னு சத்தியமா நினைவில்ல டீச்சர். யார்ட்டயும் சொல்லல. நீங்களே சொல்லுங்க, நான் எதை வாங்கட்டும்?"

மெர்சி அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. மவுஸை அவர் கைக்கு எட்டும்படி தள்ளி வைத்தாள்.

"எந்தக் கம்ப்யூட்டரை வாங்கினா அந்த லைட் எரிஞ்சிருக்கும் அண்ணாச்சி?"