ஏணி எதிரே நிறுத்திய காலை

பாளையங்கோட்டையில், ஒரு செருப்புக்கடையின் மாடியறையில், ‘கோட்டைப்போர்’ என்னும் கைப்பேசி ஆட்டத்தைக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் இருந்தார். பெயர் இசக்கிச்செல்வி. வயது இருபத்தொன்பது. அவருடைய சீடர்களுள் மூத்தவர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்திரண்டு.

அவ்வாட்டத்தில் இருவர் இருவராகப் பொருதுவர். வென்றவரின் புள்ளி ஏறும். தோற்றவரின் புள்ளி இறங்கும். ஆடுவோரைப் புள்ளிக்குத் தக்கவாறு அமர்த்துவதற்கு ஒன்பது படிகள் கொண்ட ஏணி ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தியதும் நிகரான ஒருவரைத் தேடி எதிரே நிறுத்துவது அந்த ஏணியின் வேலை. ஆசிரியை ஒன்பதாம் படியில் இருந்தார். ஆவுடையப்பன் ஆறாம் படியில் இருந்தார்.

தனியாக ஒரு பயிற்சிக்கூடம் திறக்க வேண்டுமென்பது ஆவுடையப்பனின் ஆசை. ஆசிரியையிடம் விடைபெறாமல் திறந்தால் ஒருவரும் படிக்க வரமாட்டார்கள். அவர் விடை கேட்ட அன்று ஆசிரியை சொன்னார்:

“ஏணி உங்களை என் எதிரே நிறுத்தட்டும், அண்ணாச்சி. அன்றைக்கே போகலாம்.”

பதினான்கு மாதங்கள் கழிந்தன. ஒரு புதன்கிழமை காலை, பல் துலக்கிய ஈரம் முகத்தில் உலரும் முன்பே, ஆவுடையப்பன் தம் வீட்டில் அமர்ந்து பொத்தானை அழுத்தினார். எதிராளியின் பெயர் திரையில் தோன்றியது.

இசக்கிச்செல்வி.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். அதே பெயர்தான்.

ஆட்டம் தொண்ணூறு நொடிகளில் முடிந்தது. அவருடைய கோட்டையில் ஒரு கல்லும் மிஞ்சவில்லை. ஆயினும் அவர் போட்ட கூச்சலில் அடுக்களையிலிருந்த மனைவி கரண்டியோடு ஓடிவந்தார். “என்னாயிற்று?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஆவுடையப்பன் தெருவில் இருந்தார்.

மாடியறை வாசலில் செய்யதலி என்ற சக சீடர் நின்றிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, சட்டைப் பொத்தானை இப்படி மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்? யாராவது துரத்துகிறார்களா?”

“ஏணி என்னை டீச்சருக்கு எதிரே நிறுத்திவிட்டது!”

“யாரை? உங்களையா? போன வாரம் என்னிடம் மூன்று முறை தோற்றவரையா?”

“அது போன வாரம். தள்ளுங்கள்.”

ஆசிரியை உள்ளே தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்.

“விடை கொடுங்கள், டீச்சர்.”

“ஆட்டம் எப்படி முடிந்தது, அண்ணாச்சி?”

“தோற்றேன். ஆனால் பாருங்கள், வழக்கமாகத் தோற்றால் எனக்கு இருபது புள்ளி போகும். இன்று ஒன்றே ஒன்றுதான் போயிற்று. ஏணியே எனக்கு மரியாதை செய்கிறது!”

“மரியாதை இல்லை. நீங்கள் தோற்பீர்கள் என்று ஏணிக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்த செய்திக்கு அது புள்ளியைப் பெரிதாக அசைப்பதில்லை.”

ஆவுடையப்பன் கன்னத்தில் அறை வாங்கியவர்போல் நின்றார்.

“வென்ற உங்களுக்கு எவ்வளவு ஏறியது?”

“எனக்கும் ஒன்றுதான்.”

“தோற்பேன் என்று தெரிந்துமா நிறுத்தியது? நிகரானவரைத்தானே நிறுத்தும்?”

“பொத்தானை அழுத்திவிட்டு எத்தனை நொடி காத்திருந்தீர்கள்?”

“மூன்று.”

ஆசிரியை தம் கைப்பேசியை அவர் பக்கம் தள்ளினார். அன்றைய ஆட்டத்துக்காக ஆசிரியை காத்திருந்த நேரம் திரையில் இருந்தது. எட்டிப் பார்த்த செய்யதலிதான் முதலில் வாய்விட்டுப் படித்தார்.

“நாற்பத்தொரு நிமிடமா! ஏணி தூங்கிவிட்டதா, டீச்சர்?”

“தூங்கவில்லை. ஒன்பதாம் படியில் தேடியது. அங்கே என்னோடு இருந்த நால்வரும் இந்த ஆண்டு ஆட்டத்தையே விட்டுப் போய்விட்டார்கள். பிறகு எட்டாம் படியில் தேடியது. பிறகு ஏழில். அங்கும் ஆள் இல்லை. ஆறாம் படிக்கு அது இறங்கிய நொடியில் நீங்கள் பொத்தானை அழுத்தினீர்கள்.”

செய்யதலியின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்தார்.

“வரும் வழியிலேயே பெயர்ப்பலகை எழுதக் கொடுத்துவிட்டேனே, டீச்சர்.”

“என்னவென்று?”

“ஆசிரியைக்கு நிகரானவர் நடத்தும் பயிற்சிக்கூடம் என்று.”

“அட, பாவி மனிதா!” என்றார் செய்யதலி.

ஆசிரியை சிரிக்கவில்லை.

“விடை தந்தேன், அண்ணாச்சி. நீங்கள் போகலாம்.”

ஆவுடையப்பன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “தோற்றவனுக்கா?”

“எதிரே நிறுத்தும் நாளில் என்றேன். வெல்லும் நாளில் என்று சொல்லவில்லை. இப்படியும் ஒரு நாள் வரும் என்று நானும் எண்ணவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.”

ஆவுடையப்பன் எழுந்திருக்கவில்லை. திரையில் இருந்த நாற்பத்தொரு நிமிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்:

“நேரம் போகப்போக என்னைப்போல் ஒருவன்தான் அகப்படுவான் என்று உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“பத்து நிமிடத்தில் எழுந்து போயிருக்கலாமே. அத்தனை நேரம் யாருக்காகக் காத்திருந்தீர்கள்?”

“என்னைத் தோற்கடிக்கக்கூடிய ஒருவருக்காக” என்றார் ஆசிரியை. “அவர் வரவில்லை. நீங்கள் போய், அவராக வாருங்கள்.”